வண்டி வரும் இடம் கைப்பேசியிலேயே தெரியும்போது, இன்ஜின் எண்ணைக் குறிக்க நடைமேடைக்குப் போவது ஏன்?

கேள்வி: வேலூர்_அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காட்பாடி சந்திப்புக்குப் போய்வருகிறான். 10 ரூபாய்க்கு நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, அது செல்லும் இரண்டு மணி நேரமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் எங்கும் பயணம் செய்வதுமில்லை, யாரையும் வழியனுப்புவதுமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, இன்ஜின் எண், ஷெட் (அந்த இன்ஜினைப் பராமரிக்கும் இடம்), வண்டி, தாமதம் என்று நான்கு பத்திகளில் எழுதி வருகிறான்.

அவனைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த இரண்டு மணி நேரம் அவன் கைப்பேசியைத் தொடாமல் இருக்கிறான் என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் அதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எந்த வண்டி எந்த நிலையத்தைத் தாண்டியது, எத்தனை நிமிடம் தாமதம் என்பதெல்லாம் வீட்டில் இருந்தபடியே தெரிந்துவிடும் காலம் இது. சென்ற வாரம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டு, பக்கத்தில் ‘ஆஃப்லிங்க்’ என்று எழுதி ஆச்சரியக்குறி இட்டிருந்தான். அது என்னவென்று கேட்டதற்கு, “சொன்னா உனக்குப் புரியாதும்மா” என்று சொல்லிவிட்டான். அந்தப் பதில் எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பெரியவர்கள் பலரும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பதாக அறிகிறேன். இதில் ஈடுபாடு உள்ளவர்கள் எனக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

பதில் 1: ஜோலார்பேட்டை_சந்திப்பு

வணக்கம் அம்மா. அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்டதற்கான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு விரைவு வண்டியையும் எந்த ஷெட்டைச் சேர்ந்த, எந்த வகை இன்ஜின் இழுக்க வேண்டும் என்று ரயில்வே முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைத்தான் ‘லிங்க்’ என்கிறோம். ஓர் இன்ஜின் ஒரு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து வேறொரு வண்டியைப் பிடித்து, இப்படியே சுற்றிப் பராமரிப்புக்குக் குறித்த நாளில் தன் சொந்த ஷெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். எங்கேனும் ஓர் இன்ஜின் பழுதானாலோ, ஒரு வண்டி பெருந்தாமதமாகி அடுத்ததற்கு இன்ஜின் கிடைக்காமல் போனாலோ, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கைக்கு எட்டும் வேறோர் இன்ஜினைப் பூட்டி வண்டியை அனுப்பிவிடுவார்கள். அவ்வாறு வழக்கத்துக்கு மாறான இன்ஜினோடு வருவதே ஆஃப்லிங்க். வாரந்தோறும் இராயபுரம் அல்லது ஈரோடு என்று எழுதிய இன்ஜின் வந்து நின்ற வண்டியின் முன்னால் ஒரு நாள் ஹவுரா என்று எழுதிய இன்ஜின் நின்றால், அந்த நடைமேடையில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களில் அதைக் கண்டு திடுக்கிடுபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். உங்கள் மகன் அவர்களில் ஒருவனாகிவிட்டான். அந்தத் திடுக்கிடலைப் பெறுவதற்கு முன், பல மாதங்கள் வழக்கம் என்னவென்று பொறுமையாகக் கவனித்திருக்க வேண்டும். விதியை முழுதாக அறிந்தவனுக்கே விலக்கு கண்ணில் படும். இந்தப் பொழுதுபோக்கின் இன்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செயலி வண்டியின் இடத்தைச் சொல்கிறது, தாமதத்தைச் சொல்கிறது. வந்து நிற்கும் வண்டியில் என்னென்ன இருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை. உண்மையில் செயலிகள் வந்தபிறகு எங்கள் வேலை எளிதாகியிருக்கிறது. முன்பெல்லாம் ஓர் அரிய வண்டிக்காக மணிக்கணக்கில் வெயிலில் காத்திருந்துவிட்டு, அது மூன்று மணி நேரம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டு வீடு திரும்பிய நாள்கள் உண்டு. இப்போது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது.

அவன் நோட்டை நீங்கள் படிக்க விரும்பினால் சில எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும். டபிள்யூஏபி-7 என்று இருந்தால், முதல் எழுத்து 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையையும், இரண்டாவது மாறுதிசை மின்சாரத்தையும், மூன்றாவது அது பயணிகள் வண்டிக்கானது என்பதையும் குறிக்கும். கடைசி எண் அந்த வகையின் வரிசை. டீசல் என்றால் நடுவில் டி வரும். சரக்கு இன்ஜின் என்றால் முடிவில் ஜி வரும். மீட்டர் கேஜ் இன்ஜினின் பெயர் ஒய் என்று தொடங்கும். பேச்சில் நாங்கள் வாப்-4, வாப்-7 என்றே சொல்வோம். 30, 37, 39 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்கள் பெரும்பாலும் வாப்-7 ஆக இருக்கும். 22 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் வாப்-4. இரண்டையும் மேற்கு வங்கத்தில் உள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டியது; வாப்-7 இன்ஜின்களில் ஒரு பகுதி வாரணாசியிலும் பாட்டியாலாவிலும் கட்டப்பட்டவை. பெட்டிகளுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பெட்டி செய்யப்பட்ட ஆண்டு. அடுத்த முறை ரயிலில் ஏறும்போது பாருங்கள். ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு அதைப் படிக்காமல் ஏற முடியாது.

இந்தக் காலத்தில் ஏன் என்பதற்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. இந்திய ரயில்வே என் வாழ்நாளில் கண்ட மாற்றங்களில் பெரும்பகுதி கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில் 1955-இல் சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தொடங்கிய ஐ.சி.எஃப். பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. நாம் அனைவரும் சிறுவயதில் ஏறி இறங்கிய அந்த நீல நிறப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, ஜெர்மானிய வடிவமைப்பில் அமைந்த எல்.எச்.பி. பெட்டிகள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. அதே 2018-இல்தான் அதே பெரம்பூர்த் தொழிற்சாலை முதல் வந்தே பாரத் வண்டியையும் செய்து முடித்தது. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாதை மீட்டர் கேஜாக இருந்ததைப் பார்த்தவன் நான். பிறகு அது அகலப்பாதையாகி டீசல் ஓடியது. இன்று அங்கே மின்கம்பி போட்டாயிற்று. என் பழைய நோட்டுகளில் இருக்கும் டீசல் இன்ஜின்களில் பல இப்போது இல்லை. இரும்புக்கு விற்கப்பட்டுவிட்டன. அவை இன்ன நாளில் இன்ன வண்டியை இழுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்கு வந்தன என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை என்னிடம் இருக்கும் அந்த வரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. உங்கள் மகனிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பென்சிலால் எழுதாமல் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். தேதியில் ஆண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் முதல் இரண்டு நோட்டுகளில் ஆண்டை எழுதாமல் விட்டுவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.

பதில் 2: பணி_நிறைவு_லோகோ_பைலட்

சகோதரிக்கு வணக்கம். நான் நடைமேடையின் மறுபக்கத்திலிருந்து, அதாவது இன்ஜினுக்குள் இருந்து எழுதுகிறேன். மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜினில் உதவியாளராகத் தொடங்கி, வாப்-7 வரை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன்.

வேலையில் இருந்தபோது இந்தப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடைமேடையின் கடைசியில், பயணிகள் யாரும் நிற்காத இடத்தில் நோட்டோடு நிற்பார்கள். வண்டியை நிறுத்தியதும் ஒருவன் வந்து, “சார், இந்த இன்ஜின் பி.ஓ.எச். முடிஞ்சு போன மாசம்தானே வந்துச்சு?” என்று கேட்பான். பெரும் பராமரிப்பு முடிந்து வந்ததை, புதுப் பெயின்ட்டை வைத்து மட்டுமல்லாமல் தன் குறிப்பை வைத்தும் சொல்வான். நான் அன்று காலைதான் அந்த இன்ஜினை முதன்முறையாகப் பார்த்திருப்பேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் இன்ஜினுக்குள் இருந்த என்னிடம், நான் வேலை செய்வதைக் காட்டும் படம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டி ஓட்டுகிறவன் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஓய்வு பெற்றபின் என் பேத்தி இணையத்தில் தேடி ஒரு காணொலியைக் காட்டினாள். யாரோ ஒரு பையன் வளைவு ஒன்றின் வேலிக்கு வெளியே நின்று எடுத்தது. சிக்னல் பச்சை என்பதைக் கையை நீட்டிச் சுட்டிச் சொல்கிறேன், உதவியாளர் அதைத் திரும்பச் சொல்கிறார், பிறகு ஹாரன் கொடுத்துக்கொண்டு கடந்து போகிறேன். பதினோரு நொடிகள்தான் இருக்கும். அந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரியாது. என் வீட்டார் அதை எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இப்போது ஒரு தகப்பனைப் போல் சில வார்த்தைகள். பிள்ளை நடைமேடையிலேயே, மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நிற்கட்டும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வரும் வண்டியை அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் போன பிறகுதான் நிறுத்த முடியும். ஒருவர் தண்டவாளத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எங்கள் கையில் இருப்பது ஹாரனும் கடவுளும்தான். மின்சார வண்டி டீசலைப்போல் இரைந்துகொண்டு வராது. அது அருகில் வரும்வரை காதுக்குத் தெரிவதில்லை. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். நிற்கும் சரக்கு வண்டியின் மேல் படம் எடுக்க ஏறிய பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். செல்ஃபி குச்சியை உயரத் தூக்குவதும் ஆபத்துதான். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. காமிரா கொண்டுபோனால் முதலில் நிலைய மேலாளரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். இந்த ஒழுங்குகளைக் காப்பாற்றும் பிள்ளை என்றால், நீங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் அனுப்பலாம்.

பதில் 3: பொன்மலை_ஒலி

நான் திருச்சியில் பாட்டு கற்பிப்பவள். ரயில் எண்களை நான் குறிப்பதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ரயிலின் ஓசைகளைப் பதிவு செய்து வருகிறேன். இந்த ஈடுபாடு கண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக எழுதுகிறேன்.

பழைய வாப்-7 ஒன்று நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது கூர்ந்து கேட்டால், அதன் குரல் ஒரே சீராக உயராமல் படிப்படியாக ஏறுவதை உணரலாம். மின்சாரத்தை மாற்றித் தரும் அமைப்பு வேகத்துக்கேற்பத் தன் அதிர்வெண்ணைக் கட்டம் கட்டமாக மாற்றுவதால் அப்படி ஒலிக்கிறது. புதிய வாப்-7 இன்ஜின்களில் வேறு வகைக் குறைக்கடத்திகள் வந்துவிட்டதால் அந்தப் படிகள் இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு எது பழையது, எது புதியது என்று சொல்லிவிடலாம்.

மறைந்துபோன ஓசைகள் பல. முன்பெல்லாம் தண்டவாளங்கள் 13 மீட்டர் நீளத் துண்டுகளாக இணைக்கப்பட்டிருந்தன. அந்த இணைப்புகளைச் சக்கரங்கள் கடக்கும் ‘தடக் தடக்’ ஓசையை 47 நொடிகளுக்கு எண்ணினால், கிடைக்கும் எண்ணே ஏறக்குறைய கிலோமீட்டர் கணக்கில் வண்டியின் மணிநேர வேகமாக இருக்கும். என் அப்பா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லித்தந்த முதல் கணக்கு அதுதான். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பயணம் சுகமாகிவிட்டது, ஆனால் எண்ணுவதற்கு ஓசை இல்லை. எல்.எச்.பி. வண்டிகளின் இரு முனைகளிலும் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் தந்த ஜெனரேட்டர் பெட்டிகளின் பேரிரைச்சலும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது நடைமேடையையே நிறைத்திருந்தது. இன்ஜினிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறை வந்தபின் அது அடங்கிவிட்டது. யாரும் அதற்காக ஏங்கப்போவதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் ஒரு நிலையம் எப்படிக் கேட்டது என்பதை அறிய விரும்புகிறவர் ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தால், அவருக்குக் கொடுக்க என்னிடம் அந்த இரைச்சல் இருக்கிறது.

பதில் 4: டான்காஸ்டர்_தமிழன்

இந்தப் பழக்கம் பிறந்த நாட்டில் வசிப்பதால் சுருக்கமாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் 1942-இல், இலண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இருபது வயது இளைஞர், இன்ஜின்களின் எண்களையும் பெயர்களையும் கேட்டு வந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுதுவதற்குப் பதிலாக அவற்றைத் தொகுத்து ஒரு சிறு கையேடாக வெளியிட்டார். பார்த்த எண்ணின் கீழே கோடிட்டுக்கொண்டு போவது ஒரு தலைமுறைச் சிறுவர்களின் விடுமுறையாகவே ஆனது. போர்க்காலத்தில், எங்கும் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு ரயில் நிலையம் செலவில்லாத உலகமாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

1968 ஆகஸ்டில் இங்கே நீராவி இன்ஜின்களின் வழக்கமான ஓட்டம் முடிந்தபோது, இனி இந்தப் பொழுதுபோக்கும் முடிந்தது என்று பலர் நினைத்தார்களாம். அது டீசலுக்கு மாறிக்கொண்டது. பின்னாளில் நடைமேடையில் நிற்பவர்கள் அணியும் மழைச்சட்டையின் பெயரான ‘அனோரக்’ என்பதையே வசைச்சொல்லாக்கி ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனமும் இப்போது பெருமளவு தணிந்திருக்கிறது. பிரான்சிஸ் பூர்ஷுவா என்ற இளைஞர் தன் முகத்தருகே காமிராவைப் பொருத்திக்கொண்டு, ஓர் இன்ஜின் ஹாரன் அடித்ததும் மகிழ்ச்சி தாங்காமல் சிரிக்கும் காணொலிகளை இலட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். என் அலுவலக நண்பர்கள் ரயில்களைப் பார்ப்பதற்காக அல்ல, ஒரு மனிதன் எதையும் மறைக்காமல் மகிழ்வதைப் பார்ப்பதற்காக அவற்றைத் திறக்கிறார்கள். எழுபது வயதுக்காரரும் பன்னிரண்டு வயதுப் பையனும் சம உரிமையோடு பேசிக்கொள்ளும் இடங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. டான்காஸ்டர் நடைமேடையின் வடக்கு முனை அவற்றில் ஒன்று. இந்தியாவிலும் ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்ற ரயில் ஆர்வலர் குழு 1989 முதல் இத்தகையவர்களை இணைத்து வருகிறது. பையன் பெரியவனானதும் அங்கே துணை கிடைக்கும்.

மறுமொழி: வேலூர்_அம்மா

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ஆண்டைச் சேர்த்து எழுதும்படி அவனிடம் சொன்னதும், “இது யார் சொன்னது?” என்று நிமிர்ந்து பார்த்தான். ஹவுரா ஷெட்டைப் பற்றிச் சொன்னபோது நோட்டைத் தானே கொண்டுவந்து விரித்துக் காட்டினான். ஐயா எழுதிய பாதுகாப்புச் செய்திகளை அவனை உரக்கப் படிக்கவைத்தேன்.

நேற்று நானும் அவனுடன் போனேன். முதல் அரைமணி நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. வண்டி தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே, முகப்பு விளக்குகள் அமைந்திருக்கும் விதத்தை வைத்து வாப்-4 என்றான். நெருங்கி வந்தபோது எண் 22 என்று தொடங்கியது. பிறகு பாசஞ்சர் வண்டி ஒன்று பக்கத்து நடைமேடையில் வந்து நின்றது. பழைய நீலப் பெட்டிகள்தான். அவன் ஒவ்வொரு பெட்டியாக நடந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்று என்னைக் கையசைத்து அழைத்தான். பெயின்ட் உரிந்து, சன்னல் கம்பிகளின் கீழே துருக் கசிந்திருந்த ஒரு பெட்டி. எண் 11 என்று தொடங்கியது. “இது நான் பொறந்த வருஷத்துப் பெட்டிம்மா” என்று சொல்லிவிட்டு அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

அதன்பின் நான் அவனிடம் சொல்லாமல், எங்கள் திருமணம் நடந்த 2009-ஆம் ஆண்டுப் பெட்டி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வண்டியின் வால்வரை நடந்தேன். கடைசி இரண்டு பெட்டிகளுக்கு முன்பே கார்டு பச்சைக்கொடி காட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு இரண்டு நடைமேடைச் சீட்டுகளாக வாங்கப்போகிறோம்.